112 அடி மகஜர்: திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார் வாழ்வும் தொண்டும்

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், நம் இளைஞர்களும் உறுப்பினர்களும் கருத்தூன்றிக் கற்கவேண்டிய வாழ்வு ஒன்றினை இம்மலரில் எடுத்துரைக்க விழைகின்றோம். அது திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனாரின் வாழ்வாகும். அன்னாரை இதழாசிரியர் என்பர் சிலர். சட்டமன்ற உறுப்பினர் என்பர் சிலர். வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்தவர் என்பர் வேறு சிலர். இவையனைத்தும் உண்மையே. ஆயினும் இவை யாவற்றுக்கும் அடிப்படையாக நின்ற ஒரு பணி உண்டு. வாக்குரிமையும், பொருள் வலிமையும், பதவியும் இல்லாதிருந்த ஒரு மக்களின் குறைகளை எழுத்தில் வடித்து, கையொப்பம் திரட்டி, ஆளுவோர் முன் வைத்த பணியே அது. மகஜர் என்றும் விண்ணப்பம் என்றும் நாம் வழங்கும் அக்கருவியை, நம் மக்களின் படைக்கலமாக ஆக்கியவர் சீனிவாசனார். ஆதலின் அப்பணியை நடுவாக வைத்தே அன்னார் வரலாற்றை ஈண்டு கூற முற்படுகின்றோம்.

பிறப்பும் இளமையும்

செங்கற்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்தைச் சார்ந்த கோழியாளம் என்னும் சிற்றூரில் சீனிவாசனார் பிறந்தார். பிறந்த ஆண்டினை 1859 என்று சில நூல்களும் 1860 என்று சில நூல்களும் குறிக்கின்றன. தந்தையார் பெயர் இரட்டைமலை. அப்பெயரே பின்னாளில் மைந்தரின் பெயருக்கு முன் நின்று நிலைபெற்றது.

அக்காலச் செங்கற்பட்டு மாவட்டத்தின் நிலையை நாம் ஒருவாறு அறிந்துகொள்ளுதல் நலம். நிலம் முழுவதும் மிராசுதாரர் கையில் இருந்தது. உழுது பயிரிட்டவன் குடியிருந்த குடிசையின் அடிமனையும் அவனுக்குச் சொந்தமன்று. கூலி போதாது என்று வாய் திறந்தால் குடிசையைப் பிரித்துக்கொண்டு வெளியேறவேண்டியதே. அம்மாவட்டத்தின் ஆட்சியராகப் பணியாற்றிய டிரெமென்ஹீர் என்னும் ஆங்கிலேயர் 1891-இல் எழுதிய அறிக்கையில் இந்நிலையினை விரிவாக எடுத்துக்காட்டினார். அதன் தொடர்ச்சியாகவே 1892 செப்டம்பர் 30-ஆம் நாளிட்ட 1010-ஆம் எண் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் கூறும் நிலவுரிமையின் தோற்றுவாய் அதுவே. இத்தகைய மண்ணில்தான் சீனிவாசனார் பிறந்தார் என்பதை மனத்திற் கொள்ளவேண்டும்.

குடும்பம் பிறந்த ஊரை விட்டுப் பெயர்ந்தபின், அன்னார் கோயம்புத்தூரில் கல்லூரிக் கல்வி பயின்றார். அந்நாளைய அனுபவத்தை, 1939-இல் வெளியிட்ட ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்னும் தம் வரலாற்று நூலில் அன்னாரே எழுதியுள்ளார். அங்குப் பயின்ற மாணவர் ஏறத்தாழ 400 பேருள் பத்துப்பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர். தம் குலம் வெளிப்பட்டுவிடுமோ என்னும் அச்சத்தால் அவர் எவருடனும் நெருங்கிப் பழகவில்லை. மணி அடித்தபின் வகுப்பிற்குள் நுழைவதும், வகுப்பு முடிந்தவுடன் விரைந்து வீடு திரும்புவதுமே வழக்கமாயிற்று. உடன் பயில்வோர் விளையாடும்போது ஒதுங்கி நின்ற சிறுவனின் துன்பம் எத்தகையது என்பதை நம்மில் பலர் உணர்வர். தன் பெயரையும் குடியையும் மறைத்து வாழ நேர்ந்த அச்சிறுவனே, பின்னாளில் அக்குடிப்பெயரையே இதழின் தலைப்பில் அச்சிட்டு வெளியிட்டான் என்பதுதான் இவ்வரலாற்றின் சிறப்பு.

நீலகிரியில்

கல்விக்குப்பின் சீனிவாசனார் நீலகிரிக்குச் சென்று, ஐரோப்பிய வணிக நிறுவனங்களில் கணக்கராகப் பணிபுரிந்தார். அரங்கநாயகி அம்மையாரை இல்லறத் துணைவியாக ஏற்றார். அன்னாரின் தமக்கையோ தங்கையோ என்று உறவுமுறை ஆராய்வதினும், உடன்பிறந்தாருள் ஒருவரான தனலட்சுமி அம்மையார் பண்டிதர் அயோத்திதாசரின் துணைவியார் என்பதை அறிதல் போதும். தமிழகத்துத் தாழ்த்தப்பட்டோர் எழுச்சியின் இருபெரும் தலைவர்கள் இவ்வாறு உறவினராகவும் அமைந்தனர்.

நீலகிரிக்கு இவ்வரலாற்றில் தனியிடம் உண்டு. சித்த மருத்துவராக அங்கு வாழ்ந்த அயோத்திதாசர், 1891 டிசம்பர் முதல் நாளன்று அங்கு ஒரு மாநாடு கூட்டி, பத்துக் கோரிக்கைகளைத் தீர்மானங்களாக வடித்துக் காங்கிரசுக்கு அனுப்பினார். குலப்பெயரை இழிவுபட வழங்குவோரைத் தண்டிக்கவேண்டும் என்பதும், நம் பிள்ளைகளுக்குக் கல்விச் சலுகை வேண்டும் என்பதும், பொதுக் கிணறுகளிலும் குளங்களிலும் நீர் எடுக்கத் தடையிருத்தலாகாது என்பதும் அவற்றுள் அடங்கும். அக்கோரிக்கைகளைக் காங்கிரசு பொருட்படுத்தவில்லை. எனினும், குறைகளை வரிசைப்படுத்தி எழுதி, கூட்டத்தில் நிறைவேற்றி, உரியவர்க்கு அனுப்பும் முறை அன்றே தொடங்கிவிட்டது. பொதுக் கிணற்றில் உரிமை கேட்டது மான உரிமை பற்றிய கோரிக்கை மட்டுமன்று. நல்ல நீர் மறுக்கப்பட்டவர் கால்வாயிலும் குட்டையிலும் கலங்கிய நீரையே குடித்தனர். பேதி நோய் பரவிய காலங்களில் சேரிகளே முதலில் சாவைக் கண்டன. ஆகவே நீர் கேட்ட விண்ணப்பம் உயிர் கேட்ட விண்ணப்பமேயாகும்.

சபையும் இதழும்

1890-இல் சீனிவாசனார் சென்னைக்கு வந்தார். நம் மக்களின் பழைய வரலாற்றையும் அன்றைய நிலையையும் ஆராய்ந்தார். சேரிகள்தோறும் சென்று பேசினார். பறையர் மகாஜன சபை என்னும் அமைப்பை உருவாக்கினார். தனிமனிதன் எழுதும் கடிதத்திற்கு அரசாங்க அலுவலகத்தில் மறுமொழி கிடைப்பது அரிது; சபையின் பெயரால் செல்லும் விண்ணப்பத்தைப் பதிவேட்டில் ஏற்றியே ஆகவேண்டும். இதனை அன்னார் தெளிவாக உணர்ந்திருந்தார்.

1893 அக்டோபரில் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கினார். நான்கு பக்கங்கள்; விலை இரண்டணா. இரண்டே நாளில் 400 படிகள் விற்பனையாயின என்று அன்னார் தம் நூலில் மகிழ்ந்து குறிப்பிடுகின்றார். திங்கள் இதழாகத் தொடங்கியது பின்பு வார இதழாயிற்று. இதழுக்கென அச்சகமும் அமைந்தது. ஏழாண்டுகள் அவ்விதழ் நடைபெற்றது.

இதழின் பெயரைப் பற்றி நம்மவர்க்குள்ளேயே கருத்து வேறுபாடு எழுந்தது. இழிவாக வழங்கப்பட்ட பெயரை நாமே தாங்குவதா என்று கேட்டோர் பலர். அயோத்திதாசரும் அப்பெயரை ஏற்றாரில்லை. பிற்காலத்தில், 1907-இல், தாம் தொடங்கிய இதழுக்குத் தமிழன் என்றே பெயர் சூட்டினார். சீனிவாசனார் கொண்ட கருத்து வேறு. எப்பெயரால் உரிமை பறிக்கப்பட்டதோ, அப்பெயரோடு முன்வந்து கேட்டாலன்றி அவ்வுரிமை திரும்பக் கிட்டாது என்பது அவர் துணிபு. பெயரை மறைத்து உயர்ந்தவன் தனக்கு மட்டும் வழி தேடிக்கொள்வான். பெயரைச் சொல்லி நிற்பவனே பின்வருவோர்க்கும் வழி திறப்பான் என்று எண்ணினார். இருவரும் நாடியது ஒன்றே. சென்ற நெறி இரண்டு. இவ்விரு நெறிகளையும் நாம் மதிப்போடு கற்றல் வேண்டும். எது சரி எது பிழை என்று அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூறுதல் நமக்கு அழகன்று.

112 அடி மகஜர்

இனி அன்னார் வாழ்வின் புகழ்பெற்ற நிகழ்ச்சிக்கு வருவோம். அந்நாளில் இந்தியாவை ஆண்ட உயர் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் ஐ.சி.எஸ். தேர்வு இலண்டனில் மட்டுமே நடந்து வந்தது. கடல் கடந்து சென்று, பெரும்பொருள் செலவிட்டுப் பயின்றோரே அத்தேர்வை எழுத இயலும். இங்கிலாந்திலும் இந்தியாவிலும் ஒரே காலத்தில் அத்தேர்வை நடத்தவேண்டும் என்று காங்கிரசு கோரியது. 1893 ஜூன் 2-ஆம் நாளன்று ஆங்கிலப் பாராளுமன்றத்தின் காமன்ஸ் சபை, அதற்கு இசைவான தீர்மானத்தைச் சிறு வாக்கு வேறுபாட்டில் நிறைவேற்றியது. நாடெங்கும் கற்றோர் மகிழ்ந்தனர்.

சீனிவாசனார் மகிழவில்லை. இத்தேர்வு இங்கு நடந்தால் அதில் வெற்றி பெறுவோர் யாவர் என்று அன்னார் வினவினார். பள்ளியின் வாயிற்படியை மிதிக்கவும் நம் பிள்ளைகளுக்கு இடமில்லாத நாளில், அத்தேர்வை எழுதத்தக்கோர் ஒருசில உயர்சாதியினரே. நாளை அவர்களே ஆட்சியராகவும் நீதிபதியாகவும் வந்தமர்வர். தெருவில் நடக்கவும், கிணற்றில் நீர் மொள்ளவும் தடுக்கின்ற அதே கைகளில் மாவட்ட ஆட்சியும் சென்று சேருமாயின், ஏழை முறையிட வேறு இடம் யாது? இதுவே அன்னாரின் கவலை.

1893 டிசம்பர் 23-ஆம் நாள் சென்னை வெஸ்லியன் மிஷன் மண்டபத்தில் நம் மக்களின் கூட்டம் ஒன்றைக் கூட்டினார். எதிர்ப்பு மகஜர் ஒன்று எழுதப்பெற்றது. 3,412 பேர் அதில் கையொப்பமிட்டனர். தாளோடு தாள் ஒட்டி நீட்டியபோது அம்மகஜர் 112 அடி நீளம் இருந்தது. கணக்கிட்டுப் பார்ப்பின், அடிக்கு ஏறத்தாழ முப்பது பேர் தம் பெயரைப் பதித்தனர் என்பது விளங்கும். தந்தியும் தொலைபேசியும் ஏழைகளுக்கு எட்டாத காலம் அது. கூலி வேலைக்கு விடியலில் புறப்பட்டு இருட்டியபின் திரும்பும் மக்களை, ஓய்ந்திருக்கும் நேரம் பார்த்துச் சென்று கண்டு, செய்தியை விளக்கி, அச்சம் போக்கிக் கையொப்பம் வாங்குதல் எளிய வேலையன்று. அந்நாளில் ஒருவன் வெள்ளைத் தாளில் பெயரெழுதிக் கொடுப்பது, பெரும்பாலும் கடன் பத்திரத்திலும் அடிமைச் சீட்டிலுமே. தன் உரிமைக்காகப் பெயரிட்டுக் கொடுத்த முதல் தாள் பலருக்கு இம்மகஜராகவே இருந்திருக்கவேண்டும் என்று நாம் கருதுகின்றோம்.

பாராளுமன்றத்திற்கு யார் வேண்டுமானாலும் நேரே விண்ணப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட இயலாது. உறுப்பினர் ஒருவர் அதனை ஏற்று அவையில் வைத்தல் வேண்டும். சீனிவாசனார் அதற்குரியவரையும் தேர்ந்தெடுத்தார். முன்னர் இந்திய அரசின் படைத்துறைப் பொறுப்பில் இருந்து, அப்போது காமன்ஸ் சபை உறுப்பினராய் விளங்கிய ஜெனரல் செஸ்னி என்பாருக்கு அம்மகஜர் அனுப்பப்பெற்றது. அவர் வாயிலாக அது பாராளுமன்றத்தைச் சென்றடைந்தது. சேரியில் வாழ்ந்த 3,412 பேரின் பெயர்கள் தேம்சு ஆற்றங்கரையிலிருந்த மன்றத்தின் முன் வைக்கப்பட்டன. அவர்களுள் எவரும் அம்மன்றத்திற்கு வாக்களித்தவர் அல்லர். தம் ஊர்ப் பஞ்சாயத்திலும் உட்கார இடம் பெற்றவர் அல்லர்.

விளைந்தது யாது?

1894-இல் ஆங்கில அரசு, இருநாட்டிலும் ஒரே காலத்தில் தேர்வு நடத்தும் திட்டத்தைக் கைவிட்டது. இம்மகஜர் ஒன்றினாலேயே அம்முடிவு ஏற்பட்டது என்று நாம் பெருமை பேசவேண்டுவதில்லை. ஆங்கில அதிகாரிகளுக்குத் தம் பதவிகளைத் தம்மவர்க்கே வைத்துக்கொள்ளவேண்டும் என்னும் எண்ணம் வலுவாக இருந்தது. மாகாண அரசுகளுள் சென்னை நீங்கலாக ஏனையவை அத்திட்டத்தை எதிர்த்தே எழுதின. நம்மவர் விண்ணப்பம் அவர்களுக்கு வாய்ப்பாகவும் அமைந்தது. ஐ.சி.எஸ். தேர்வு இந்தியாவில் முதன்முதல் நடந்தது 1922-இல்தான். அலகாபாத்தில் அது நடைபெற்றது.

இவ்விடத்து ஒரு வினா எழும். நம் இளைஞர்களே இதனைப் பலமுறை எழுப்பியுள்ளனர். நாட்டு விடுதலைக்குப் போராடியோர் ஒரு கோரிக்கையை வைத்தபோது, அதனை எதிர்த்து வெள்ளையரிடம் விண்ணப்பித்தது தகுமா? இவ்வினாவை நாம் மறைக்கவும் வேண்டா. அதற்கு நாணவும் வேண்டா.

அந்நாளில் அதே தீர்மானத்தை ஆதரித்தோரும் அவ்வெள்ளையரின் பாராளுமன்றத்திற்கே விண்ணப்பித்தனர் என்பதை முதலில் நினைவிற் கொள்க. காங்கிரசின் தொடக்க ஆண்டுகளில் அதன் பணி முழுவதும் விண்ணப்பங்களாலேயே நடைபெற்றது. உயர்ந்தோர் விண்ணப்பித்தால் நாட்டுப்பற்று, தாழ்ந்தோர் விண்ணப்பித்தால் துரோகம் என்று கூறுதல் நடுநிலையாகாது. சீனிவாசனார் இந்தியர் எவரும் ஆளக்கூடாது என்று கூறினாரல்லர். ஆளுவோருக்கும் ஆளப்படுவோருக்கும் இடையே நீதி இருக்குமா என்பதே அவர் கேட்ட கேள்வி. பள்ளிக்கதவு அடைபட்டிருக்கையில் தேர்வுக்கூடத்தின் கதவைத் திறப்பது யாருக்குப் பயன் தரும் என்று அன்னார் கேட்டார். அக்கேள்விக்கு அன்று எவரும் நேரிய விடை அளிக்கவில்லை. பிற்காலத்தில் நாடு தன்னாட்சி பெறும் நாள் நெருங்கியபோது, அன்னார் தன்னாட்சியை எதிர்க்கவில்லை. அதில் நம் மக்களுக்குரிய பாதுகாப்பு யாது என்றே கேட்டார். 1893-இல் எழுந்த கேள்வி 1930-இல் திட்டமாக முதிர்ந்ததைக் கீழே காண்போம்.

1895-இல் இராசப்பிரதிநிதி எல்ஜின் பிரபு சென்னைக்கு வந்தபோது, பறையர் மகாஜன சபை அவருக்கு வரவேற்பளித்து நம் மக்களின் நிலையை உணர்த்தியது. நாட்டின் தலைமை ஆட்சியாளர் முன் நம்மவர் தம் பெயரால் வந்து நின்றமை அந்நாளில் பெரும் நிகழ்ச்சியேயாகும்.

கடல் கடந்த ஆண்டுகள்

1900-இல் சீனிவாசனார் கப்பலேறினார். இங்கிலாந்து சென்று, நம் மக்களின் குறைகளை அங்கேயே எடுத்துரைக்கவேண்டும் என்பது அன்னாரின் நோக்கம். ஆயின் பயணம் வேறு திசையிற் சென்றது. கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபாரில் தங்கிப் பணிபுரிந்து, அதன்பின் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலை அடைந்தார். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர் பலர் அங்கு வாழ்ந்தனர். டர்பன் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக அன்னார் பணியாற்றினார். நீதிபதி பேசும் மொழி குற்றவாளிக்குத் தெரியாது. குற்றவாளி பேசும் மொழி நீதிபதிக்குத் தெரியாது. இடையில் நிற்பவன் ஒரு சொல்லைத் தவறவிட்டால் ஏழை சிறைக்குச் செல்வான். எளியோர் குறையை ஆளுவோர் மொழியில் பிசகின்றி எடுத்துரைக்கும் பயிற்சி அன்னாருக்கு அங்கும் தொடர்ந்தது எனலாம். அக்காலத்தில் அங்கு வழக்கறிஞராயிருந்த காந்தியடிகளுக்குத் தமிழில் கையொப்பமிடக் கற்பித்ததையும் தம் நூலில் குறித்துள்ளார்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வெளிநாட்டில் கழித்தபின் அன்னார் தாயகம் திரும்பினார். அறுபது வயதைக் கடந்த நிலையில் பலர் ஓய்வை நாடுவர். சீனிவாசனாரின் பொதுவாழ்வின் பெரும்பகுதி அதன்பின்னரே தொடங்கியது.

தெருவும் கிணறும்

1923-இல் சென்னைச் சட்டமன்றத்தின் உறுப்பினராக அன்னார் நியமிக்கப்பெற்றார். எம்.சி. ராஜா, ஆர். வீரையன் முதலிய நம் தலைவர்களும் அக்கால அவையில் பணியாற்றினர். வெளியில் நின்று விண்ணப்பித்தவர் இப்போது உள்ளே அமர்ந்து தீர்மானம் கொண்டுவரும் நிலை ஏற்பட்டது.

1924-இல் நம் உறுப்பினர்களின் முயற்சியால் அவை ஏற்றுக்கொண்ட தீர்மானம் நாம் என்றும் மறவாதிருக்கத்தக்கது. எந்த வகுப்பினரும் எந்த ஊரிலும் பொதுத் தெருவிலும் பொது வழியிலும் நடந்து செல்லலாம். பொது அலுவலகம், பொதுக் கிணறு, குளம், மக்கள் கூடும் பொதுவிடம் ஆகியவற்றை ஏனையோரைப் போன்றே பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். 1925 பிப்ரவரி 25-ஆம் நாள் அரசிதழில் அது வெளியிடப்பெற்றது. 1891-இல் நீலகிரி மாநாடு கேட்ட பொதுக் கிணற்றுரிமை, 34 ஆண்டுகள் கழித்து அரசாங்கத்தின் அச்செழுத்தில் ஏறியது. விண்ணப்பம் ஒருமுறை மறுக்கப்பட்டால் அதோடு ஒழிந்துபோவதில்லை என்பதற்கு இஃது ஒரு சான்று.

ஆனால் மற்றொன்றையும் நாம் மறைக்காது கூறவேண்டும். அரசிதழில் அச்சான உரிமை அன்றே ஊர்த்தெருவில் நடக்கத் தொடங்கிவிடவில்லை. அவ்வாணையை அறிந்திராத ஊர்கள் ஆயிரம். அறிந்தும் தடுத்த ஊர்கள் பல. ஆணையின் படியைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்த எளிய மனிதர்களே அதற்கு உயிர் கொடுத்தனர். மகஜர் எழுதுவோனுக்கும் அதன் பயனை நடைமுறைப்படுத்துவோனுக்கும் சம பங்கு உண்டு. தாளைப் படிக்கத் தெரிந்தவன் ஒருவன் ஒவ்வொரு சேரியிலும் இருந்தாலன்றி, கோட்டையில் பிறக்கும் ஆணை குடிசையை வந்தடையாது. இக்காரணம் பற்றியே சீனிவாசனார் வாழ்நாள் முழுவதும் கல்வியை வற்புறுத்தினார்.

வட்டமேசையில்

இந்தியாவின் எதிர்கால அரசமைப்பை ஆராய்வதற்காக இலண்டனில் நடைபெற்ற முதலிரு வட்டமேசை மாநாடுகளுக்கு, தாழ்த்தப்பட்டோர் பிரதிநிதிகளாக அண்ணல் அம்பேத்கரும் சீனிவாசனாரும் அழைக்கப்பெற்றனர். 1900-இல் எந்நகரை நோக்கிப் புறப்பட்டாரோ, அந்நகரை முப்பது ஆண்டுகள் கழித்து, எழுபது வயதில், அரசாங்கத்தின் அழைப்பின்பேரில் அன்னார் அடைந்தார்.

அங்கு ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைச் சந்தித்தபோது, தீண்டாமை என்பது யாது என மன்னர் வினவினார். தாழ்ந்தவன் எனப்படுபவன் தெருவில் விழுந்து கிடந்தாலும், உயர்ந்தவன் எனப்படுபவன் அவனைத் தொட்டுத் தூக்கமாட்டான் என்று அன்னார் விளக்கியதையும், மன்னர் அதனைக் கேட்டு அதிர்ந்ததையும் அவரே எழுதியுள்ளார். மன்னரின் முன்னிலையிலும் தம் மக்களின் நிலையை மழுப்பாது கூறிய நெஞ்சுரத்தை நாம் போற்றுகின்றோம்.

முதல் மாநாட்டில் அம்பேத்கரும் சீனிவாசனாரும் இணைந்து கையொப்பமிட்டு ஒரு திட்டத்தை அளித்தனர். தன்னாட்சி பெறும் இந்தியாவில் தாழ்த்தப்பட்டோருக்கு வேண்டிய அரசியல் பாதுகாப்புகள் அதில் வகுத்துரைக்கப்பட்டன. சமக் குடியுரிமை, உரிமைகளைத் தடையின்றித் துய்த்தல், பாகுபாட்டிலிருந்து பாதுகாப்பு, சட்டமன்றங்களில் போதிய இடம், அரசுப் பணிகளில் போதிய இடம், நலன் புறக்கணிக்கப்பட்டால் முறையிட வழி, தனித் துறை, அமைச்சரவையில் பங்கு என எட்டு விதிகள் அதில் அமைந்திருந்தன. உரிமை கேட்டவனை ஊரே ஒதுக்கிவைக்கும் கொடுமையைக் குற்றமாக்கவேண்டும் என்பதும் அதில் இடம்பெற்றது. இரண்டாம் மாநாட்டின்போது, 1931 நவம்பரில், துணை அறிக்கை ஒன்றையும் இருவரும் சேர்ந்து அளித்தனர்.

1893-ஆம் ஆண்டு மகஜரையும் இத்திட்டத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முன்னது, தீங்கு வருகின்றது, அதனைத் தடுத்தருள்க என்று வேண்டிற்று. பின்னது, நாட்டின் ஆட்சி இவ்வாறு அமையவேண்டும் என்று விதிகளை வரைந்து நீட்டிற்று. முப்பத்தேழு ஆண்டுகளில் நம் மக்கள் கடந்து வந்த தொலைவு இதனால் விளங்கும்.

1932-இல் ஆங்கில அரசு தனித்தொகுதி உரிமையை அறிவித்ததும், காந்தியடிகள் செப்டம்பர் 20-ஆம் நாள் எரவாடா சிறையில் உண்ணாநோன்பு தொடங்கியதும், செப்டம்பர் 24-ஆம் நாள் பூனா ஒப்பந்தம் ஏற்பட்டதும் நாடறிந்த செய்திகள். அவ்வொப்பந்தத்தில் அம்பேத்கருடன் சீனிவாசனாரும் எம்.சி. ராஜாவும் கையொப்பமிட்டனர். மாகாணச் சட்டமன்றங்களில் 148 இடங்கள் நம் மக்களுக்கென ஒதுக்கப்பெற்றன. அவற்றுள் சென்னை மாகாணத்தின் பங்கு 30. கேட்டுப் பெற்ற தனித்தொகுதியை இழந்தது பெரும் இழப்பென்றே பலரும் கருதினர். இன்றும் அவ்வாறு கருதுவோர் உண்டு. 3,412 பேரின் கையொப்பத்தைத் திரட்டியவர், அன்று தம் ஒரு கையொப்பத்தை எத்தகைய மனச்சுமையோடு இட்டிருப்பார் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இறுதிக் காலம்

அரசாங்கம் அன்னாருக்கு ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்னும் பட்டங்களை அடுத்தடுத்து வழங்கியது. மதமாற்றம் பற்றிய பேச்சு 1935-க்குப்பின் எழுந்தபோது அண்ணல் அம்பேத்கரின் கருத்தோடு அன்னார் உடன்படவில்லை. நாம் இந்துக்களின் வருணங்களுக்குள் அடங்காதவராதலின், விட்டு வெளியேறவேண்டிய தேவையில்லை என்று எண்ணினார். தோளோடு தோள் நின்ற தலைவரோடும் கருத்தில் வேறுபட்டால் அதனை வெளிப்படையாகக் கூறியவர் அவர். அதனால் பகைமை பாராட்டினாரல்லர்.

1945 செப்டம்பர் 18-ஆம் நாள் சீனிவாசனார் இயற்கை எய்தினார். நாடு விடுதலை பெறுவதையும், தீண்டாமை ஒழிக்கப்பட்டதென அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அறிவித்ததையும் காண அன்னாருக்கு வாய்ப்பில்லாமற் போயிற்று. எனினும் அப்பிரிவின் பின்னால், 1930-ஆம் ஆண்டுத் திட்டத்தில் கேட்ட சமக் குடியுரிமையின் குரலை நாம் கேட்கின்றோம். இந்திய அரசு 2000-ஆம் ஆண்டில் அன்னாரின் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது.

நாம் கொள்ளவேண்டுவன

இளைஞர்களே! இவ்வரலாற்றைப் படித்துப் பெருமிதம் கொள்வதோடு நம் கடமை முடிந்துவிடாது. நம் குடியிருப்பில் குடிநீர்க் குழாய் வராதபோதும், சாக்கடை நீர் கிணற்றில் கலக்கும்போதும், சுடுகாட்டுப் பாதை அடைக்கப்பட்டபோதும், பஞ்சமி நிலம் பிறர் பெயரில் மாறிக் கிடக்கும்போதும், தொழிற்சாலைக் கழிவு நம் ஏரியை நஞ்சாக்கும்போதும் நாம் செய்யவேண்டுவது யாது? கூடிப் புலம்பிக் கலைந்து போதல் பயன் தராது. சீனிவாசனார் காட்டிய முறை நம் முன் உள்ளது.

குறையை முதலில் நன்கு ஆராய்தல் வேண்டும். நாள், இடம், அளவு ஆகியவை பிழையின்றி அமையவேண்டும். அக்குறையைக் களையும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்று அறிந்து அவருக்கே எழுதவேண்டும். வேண்டுவது இன்னதென்று ஐயத்திற்கிடமின்றிக் கூறவேண்டும். கையொப்பமிடுவோர் ஒவ்வொருவருக்கும் செய்தியைப் படித்துக் காட்டி, அவர் விளங்கிக்கொண்டபின்னரே பெயர் பெறவேண்டும். விளங்காது இட்ட ஆயிரம் கையொப்பத்தினும் விளங்கி இட்ட நூறு வலிமையுடையது. கொடுத்ததற்கு ஒப்புகை பெற்று, படியைப் பாதுகாத்து, மறுமொழி வரும்வரை விடாது தொடரவேண்டும். வெற்றி கிட்டியபின் அவ்வாணையை மக்களிடம் கொண்டு சென்று, அது நடைமுறையில் ஏறும் வரை உடன் நிற்கவேண்டும்.

இவை யாவும் எழுத்தறிவின்றி நடைபெறா. கைநாட்டு வைத்த பாட்டனின் பேரன், தானே மகஜர் எழுதவும், அதனை ஏற்று ஆராயும் அதிகாரியாக அமரவும் வல்லவனாதல் வேண்டும் என்பதற்காகவே நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பாடுபட்டு வருகின்றது. 1893-இல் எந்தத் தேர்வைக் கண்டு நம் முன்னோர் அஞ்சினரோ, அத்தேர்வின் இன்றைய வடிவமான ஐ.ஏ.எஸ். தேர்வை எழுதி நம் பிள்ளைகள் ஆட்சியராய் அமர்வதை நாம் காண்கின்றோம். அவ்வாறு அமர்ந்தோர், எளியவன் நீட்டும் மனுவைக் கையில் வாங்கும் வேளையில், அத்தாளின் பின்னால் நிற்கும் மனிதனை ஏறிட்டுப் பார்க்கவேண்டும். அதுவே சீனிவாசனாருக்கு நாம் செய்யும் உண்மையான நன்றிக்கடன் எனக் கூறி, இவ்வெள்ளி விழா நாளில் அன்னாரின் திருப்பெயரை வணங்கி அமைகின்றோம்.